நொதிச்ச இரத்தம்

சிமியோனின் கை படாத கன்னத்தை யாழ்ப்பாணத்துக் குருநகரில் விளக்குப் பிடித்துத்தான் தேட வேண்டும். திருத்தக் கொடுத்த வள்ள மிசின் ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்டவன் வாங்கினான். முடிந்த மிசினில் சத்தம் கேட்கிறது என்றவன் வாங்கினான். கோயில் திருநாள் நெரிசலில் அவன் காலை மிதித்தவன் வாங்கினான். ஒன்றும் சொல்லாமல் ஓரமாக நின்ற ஒருவனும் வாங்கினான். அவனுக்கு ஏன் அடித்தாய் என்று கேட்டதற்கு, "என்னைப் பாத்தவன்" என்றான் சிமியோன். வீட்டுக்குள்ளே அவன் மனைவி மரியநாயகி வாங்கியதை மட்டும் ஊர் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கட்டினவன் கை வைத்தால் அது குடும்பம் என்று பேசிவிட்டு மீன் கறிக்குப் புளி கரைக்கப் போய்விடும் ஊர். அடி என்றால் அடிதான், அதை யார் வைத்தால் என்ன?

தொழிலில் அவன் கெட்டிக்காரன், அதை மறைக்க முடியாது. கரையோரக் கொட்டிலில் வள்ளங்களின் மிசின்களைக் கழற்றிப் பூட்டுவான். கானிலிருந்து பெற்றோல் எடுப்பதற்குக் குழாயை வாயில் வைத்து ஒரு இழுவை. மற்ற மெக்கானிக்குகளும் அப்படித்தான் இழுப்பார்கள், ஆனால் தப்பி ஒரு வாய் உள்ளே போனால் தலை சுற்றி, சத்தி எடுத்து, அன்றைக்கு முழுவதும் சுருண்டு கிடப்பார்கள். சிமியோனுக்கு ஒன்றும் ஆகாது. கொப்பளித்துத் துப்பிவிட்டு, போத்தலில் வைத்திருக்கும் கள்ளை வாயில் ஊற்றி அலசி, அந்த அலசலைத் துப்பாமல் விழுங்குவான். "பெற்றோலுக்குக் கள்ளுத்தான் மாத்து" என்பான். கை கழுவுவதும் பெற்றோலில்தான். அவன் பக்கத்தில் படுத்து எழும்பிய மரியநாயகிக்குத் தன் தலையணையே ஒரு கராஜ் போல மணக்கும்.

எண்பத்து மூன்று ஆடியில் அவன் கொழும்பில் ஒரு கராஜில் வேலைக்கு நின்றான். கூட வேலை செய்தவன் பாசையூர்ப் பேதுரு. தமிழரைத் தேடித் திரிந்த கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு வந்தபோது சிமியோன் காருக்குக் கீழே நின்று வேலை செய்யும் குழிக்குள் கிடந்தான். பேதுரு மேலே நின்றான். அங்கே கிடந்த பெற்றோலையே எடுத்துப் பேதுருவின் தலையில் ஊற்றினார்கள். அவன் கத்தியதையும், பிறகு கத்தாமல் விட்டதையும் சிமியோன் குழிக்குள் இருந்து கேட்டான். அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது அவன் முதுகு முழுவதும் நெருப்புக் கொப்புளம். அந்தப் பேதுருவின் தங்கச்சிதான் மரியநாயகி. தமையன் செத்த செய்தியைச் சொல்ல வந்தவனுக்கே அடுத்த வருடம் அவளைக் கட்டிக் கொடுத்தார்கள்.

அந்த நெருப்புத்தான் சிமியோனை இப்படி ஆக்கியது என்று சுவாமியார் பிரசங்கத்தில்கூட இரக்கப்பட்டார். அரைவாசி உண்மை. கொழும்புக்குப் போக முதலே சொந்தத் தமையனின் பல்லை உடைத்தவன் அவன். நெருப்பு அவனுக்கு ஒரு சாட்டுக் கொடுத்தது, அவ்வளவுதான். எண்பத்தாறில் ஆமி இருந்த கோட்டைப் பக்கமிருந்து ஷெல் விழுந்துகொண்டிருந்த ஒரு பகலில், பதுங்குகுழிக்குப் பிந்தி வந்தாள் என்று மரியநாயகியின் வயிற்றில் உதைத்தான். ஐந்து மாதப் பிள்ளை கலைந்தது. ஷெல் சத்தத்தில் பயந்து விழுந்துவிட்டேன் என்று அவள் ஆஸ்பத்திரியில் சொன்னாள். அதற்குப் பிறகு அவளுக்குக் கரு தங்கவில்லை.

தொண்ணூறில் சண்டை மூண்டு தெற்குக்குப் போகும் பாதை பூட்டி, அரசாங்கம் பெற்றோலைத் தடை செய்த பிறகு சிமியோனின் வாய்க்கு வேலை இரட்டித்தது. மிசினெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. கிளப்புவதற்கு மட்டும் சொட்டுச் சொட்டாகப் பெற்றோல். போத்தலில் ஒளித்து விற்பவர்கள் அதிலும் கலப்படம் செய்தார்கள். சிமியோன் நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்லுவான். கலப்படம் என்றால் அந்தப் போத்தலாலேயே விற்றவனுக்கு விழும்.

தொண்ணூற்று மூன்றில், அவன் கிணற்றடியில் குளிக்கும்போது மரியநாயகி அதைக் கண்டாள். முதுகில் நாலைந்து இடத்தில் இரத்தம் கன்றி நாவற்பழ நிறத்தில் கிடந்தது. அடி வாங்கிய உடம்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அவளுடைய முதல் நினைப்பைச் சொன்னால் பாவம் என்பீர்கள்: அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. யாரோ ஒரு மகராசன் கொடுத்திருக்கிறான் என்று மனதுக்குள் அவன் கைக்கு முத்தமும் கொடுத்தாள்.

ஆனால் அந்தக் கன்றல் கூடிக்கொண்டே வந்தது. பல் தீட்டினால் பல்லைச் சுற்றிய முரசில் இரத்தம் கசிந்தது. கரையில் பேச்சுப் பரவியது. "சிமியோனுக்கும் ஆள் வந்திட்டுது" என்று சிரித்தவர்களில் ஒருவனைப் பிடித்துச் சிமியோன் முகத்தில் குத்தினான். குத்து வாங்கியவனின் கன்னம் லேசாக வீங்கியது. குத்திய கை முழங்கை வரைக்கும் கறுத்துப்போனது. அதைப் பார்த்துத்தான் மரியநாயகி பயந்தாள். சண்டை பிடித்து, கெஞ்சி, அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

இரத்தம் எடுத்துச் சோதித்த பெண் டொக்டருக்கு நித்திரை இல்லாத கண். பக்கத்தில் உட்கார வைத்து, பொறுமையாகத்தான் சொன்னா.

"ஐயா, எத்தினை வருசமாய்ப் பெற்றோலை வாயாலை இழுக்கிறியள்?"

"பதினாறு வயசிலையிருந்து. எனக்கு ஒண்டும் செய்யாது."

"செய்திருக்கு. பெற்றோலுக்குள்ளை பென்சீன் எண்டு ஒரு சாமான் இருக்கு. அது வாயாலையும் போகும், மூச்சாலையும் போகும். உங்கடை ஈரலிலை நொதியம் எண்டு இருக்கு. உள்ளை வாற அழுக்கைப் பிரிச்சுக் கழுவி வெளியிலை அனுப்புறதுதான் அதின்ரை வேலை. ஆனால் பென்சீனைக் கழுவப்போய், அதை முந்தியிலும் பொல்லாத நஞ்சாக்கிப் போடும். அந்த நஞ்சு எலும்புக்குள்ளை இரத்தம் ஊறுற இடத்தைக் கெடுத்திடும். உங்களுக்கு வந்திருக்கிறது இரத்தப் புற்றுநோய்."

கதிரையின் கையைச் சிமியோன் இறுக்கிப் பிடிப்பதை மரியநாயகி கண்டாள்.

"அப்ப என்னோடை இழுத்தவங்கள் எல்லாம் நல்லாய்த்தானே திரியிறாங்கள்?"

"எல்லாற்றை ஈரலிலையும் அது ஒரே மாதிரி வேலை செய்யாது. சில பேருக்கு வேகமாய்ச் செய்யும். வேகம் கூடினால் நஞ்சும் கூட. குடிச்சால் அந்த நொதியம் இன்னும் பெருகும். கள்ளுக் குடிக்கிறனீங்களோ?"

"நொதியம் எண்டால்... நொதிக்கிற சாமானோ?"

வெளியே காயக்காரர்களை இறக்கும் சத்தம் கேட்டது. "ஓம், அந்தச் சொல்லிலையிருந்து வந்ததுதான்" என்றபடி டொக்டர் எழும்பி ஓடினா.

இதில்தான் வினை பிடித்தது. நொதிக்கிற சாமான் என்றால் சிமியோனுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். வெயில் ஏற ஏற முட்டியில் நுரை தள்ளி நொதிக்கும் கள்ளு. பெற்றோல் அவனுக்குச் சோறு போட்டது, அதை அவன் எப்படிச் சந்தேகப்படுவான்? டொக்டர் வாயாலேயே கள்ளு என்றும் சொல்லிவிட்டா. கொழும்புத்துறைத் தவறணையில் தனக்குக் கள்ளு இறக்கி வார்க்கும் ஏரம்பு, நொதியம் என்று எதையோ கலந்து தன் இரத்தத்தை நொதிக்க வைத்துவிட்டான் என்று அவன் அந்தக் கதிரையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டான்.

மரியநாயகி கன்னியர்மடப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நொதியம் எச்சிலிலும் உண்டு, ஈரலிலும் உண்டு என்று விஞ்ஞானப் பாடத்தில் எழுதிப் புள்ளி வாங்கியவள். வரும் வழியில் சொல்லிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, உது கள்ளிலை இருக்கிறது இல்லை. எங்கடை எல்லாற்றை உடம்பிலையும் இருக்கிறது. பெற்றோலை விடச் சொல்லித்தான்..."

நடுத்தெருவில் வைத்துக் கன்னத்தில் அறைந்தான். "நீ டொக்டரோடி?"

அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, கொட்டிலில் இருந்த பெரிய ஸ்பனரை எடுத்துச் சைக்கிள் கரியரில் வைத்துக்கொண்டு போனான். அவள் பின்னால் ஓடினாள். சைக்கிளை ஓடிப் பிடிக்க முடியுமா?

தவறணையில் ஆட்கள் கள்ளு வார்த்த பனையோலைப் பிளாவை ஏந்திக் குந்தியிருந்தார்கள். ஏரம்பு குனிந்து முட்டியிலிருந்து கள்ளை வடித்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு சாதுவான மனிதன். சிமியோன் வெறியில் பிளாவை எறிந்த நாட்களில்கூட "அண்ணை, வீட்டை போங்கோ" என்று மட்டும் சொன்னவன். "என்ன அண்ணை, இண்டைக்கு வெள்ளெனவே?" என்று நிமிர்ந்தவனின் தாடையில் ஸ்பனர் இறங்கியது. காய்ந்த மட்டை முறிவது போல ஒரு சத்தம். முன்பற்கள் கள்ளு முட்டிக்குள்ளேயே விழுந்தன. விழுந்து கிடந்தவனின் தோளிலும் விலாவிலும் மாறி மாறி அடித்தான். "என்ரை இரத்தத்திலை என்னடா கலந்தனி? நொதியம் எங்கையடா வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். ஏரம்புவுக்கு அந்தச் சொல்லே தெரியாது. இரத்தமும் கள்ளும் சேர்ந்த சேற்றில் புரண்டு, கையை மட்டும் தூக்கித் தூக்கிக் கும்பிட்டான்.

மரியநாயகி வந்து சேர்ந்தபோது அடி ஓய்ந்திருந்தது. ஒருவரும் சிமியோனைத் தொடவில்லை. ஆனாலும் அவன் மூக்கிலிருந்து இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பொத்தினாலும் நிற்கவில்லை, தலையை நிமிர்த்தினாலும் நிற்கவில்லை. நின்ற நிலையிலேயே வெளிறி, ஸ்பனரை விட்டுவிட்டுச் சரிந்தான். அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே ட்ரக்டர் பெட்டியில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டொக்டர் மரியநாயகியைத் தனியே கூப்பிட்டா. யாழ்ப்பாணத்தில் இந்த வருத்தத்துக்கு மருந்து இல்லை, தடையால் வருவதும் இல்லை. கொழும்பில் மஹரகம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைக்கவும் கூடும். அதற்குக் கிளாலிக் கடலைத் தாண்டி வள்ளத்தில் போக வேண்டும். இந்த உடம்போடு ஏற்றினால் நடுக்கடலில் முடிந்துவிடும். முதலில் இரத்தம் ஏற்ற வேண்டும், அதுவும் புது இரத்தம். அவனுடையதோ ஓ நெகட்டிவ், நூறு பேரில் ஒருவரிடம் தேடும் சாதி. இரத்த வங்கியில் இருந்த ஒரே பையை ஏற்றியாகிவிட்டது.

மரியநாயகி இரத்தம் கேட்டு வீடு வீடாகப் படி ஏறி இறங்கினாள். சிமியோனின் தமையன் தன் உடைந்த பல்லைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினான். மிசின் கொடுத்து அடி வாங்கியவர்கள் வீட்டில் இல்லை என்று உள்ளே இருந்தே சொன்னார்கள். போத்தலால் அடிபட்டவனின் தாய், மீன் கழுவிய தண்ணீரை அவள் காலடியில் ஊற்றினாள். இரக்கப்பட்டு வந்த இரண்டு மூன்று பேரின் இரத்தமும் பொருந்தவில்லை. அவள் தமையன் பேதுரு திருநாளுக்குத் திருநாள் மண்டியிட்ட பாசையூர் அந்தோனியார் கோயிலில் போய் விழுந்தாள். "இந்த மனுசன் சாக வேணும் எண்டு உம்மட்டை எத்தினை தரம் கேட்டனான். இப்ப சாகக் கூடாது எண்டு கேக்கிறன். உமக்கு விசர் பிடிச்சாலும் பரவாயில்லை, ராசா, ஒரு ஆளைக் காட்டும்." ஏன் அவனை உயிரோடு கேட்கிறாள் என்று அந்தோனியார் திருப்பிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? பேதுருவின் கடைசிச் சத்தத்தைக் கேட்ட காது இந்த உலகத்தில் அவனுடையது ஒன்றுதான். அதுவாக இருக்கலாம்.

இரத்த வங்கிக்காரர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உந்த இரத்தம் உள்ள ஒருத்தர் ஷெல்லடி நேரங்களிலை தானாய் வந்து குடுக்கிறவர். பிள்ளை, அவர் இப்ப இஞ்சைதான் தாடை உடைஞ்சு கிடக்கிறார்."

ஏரம்பு தாடையைச் சுற்றித் தலையோடு கட்டுப் போட்டு, குழாயால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி பூரணம்.

"ஏரம்பண்ணை, உங்களிட்டைக் கேக்க எனக்கு வாயில்லை..."

"வாயில்லையோ?" பூரணம் துள்ளி எழும்பினாள். "வாயில்லாமல் கிடக்கிறது இந்த மனுசன். உன்ரை புருசன் உடைச்ச வாய் இது. இன்னும் என்னத்தையடி உறிஞ்ச வந்தனி?" மரியநாயகியின் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினாள். மரியநாயகி தடுக்கவில்லை. மற்றக் கன்னத்தையும் காட்டுகிற பக்தி ஒன்றுமில்லை. தடுக்கிற பழக்கம் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஏரம்பு மனைவியின் கையைப் பிடித்து இழுத்தான். கட்டுப் போட்ட வாய்க்குள்ளால், ஒவ்வொரு சொல்லாகப் பேசினான்.

"குடுக்கிறன். ஆனால் ஒண்டு. கிடையிலை கிடக்கிறவனை நான் அடிக்கமாட்டன். அவன் எழும்பி நிக்க வேணும். நிக்கேக்கை நான் வருவன். தவறணையிலை அவ்வளவு பேருக்கு முன்னாலை என்னை அடிச்சவன். அவன்ரை வாசலிலை, அவன்ரை ஊர் பாக்க, அவன்ரை மூஞ்சையிலை ஒரே ஒரு அடி. நீ குறுக்கை நிக்கக் கூடாது."

"நிக்கமாட்டன் அண்ணை."

"ஆணையிடு."

"அந்தோனியார் ஆணை."

டொக்டர் முதலில் மறுத்தா. இவனே இரத்தம் இழந்தவன் என்றா. ஏரம்பு கையை நீட்டியபடியே இருந்தான். கடைசியில் எடுத்தார்கள். அந்த இரத்தம் உள்ளே போகப் போகச் சிமியோனின் உதட்டில் நிறம் வந்தது. மூக்கால் ஓடிய இரத்தம் நின்றது. ஒரு வாரத்தில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடந்தான். குடாநாட்டை வைத்திருந்த இயக்கத்திடம் அலைந்து, வெளியே போகப் பாசும் எடுத்துவிட்டாள் மரியநாயகி. வெள்ளிக்கிழமை கிளாலியால் போகலாம்.

வீட்டுக்கு விடும்போது டொக்டர் சொன்னா: "ஒண்டு மட்டும் கவனம், அம்மா. இவருக்கு இரத்தம் உறையிறது இன்னும் சரியில்லை. தலையிலையோ முகத்திலையோ ஒரு அடி பட்டால் போதும், மூளைக்குள்ளை கசிஞ்சு ஆள் போயிடுவார். விழாமல், முட்டாமல் கொண்டுபோய்ச் சேருங்கோ."

அவளுக்கு அந்தோனியார் ஆணை நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்தியது. ஆனாலும் வழி இருந்தது. ஏரம்பு மனிதன். வாசற் படலையடியில் வைத்து, "அண்ணை, இப்ப அடிச்சால் செத்திடுவார், கொழும்பாலை வந்த பிறகு அடியுங்கோ" என்று சொன்னால் திரும்பிப் போய்விடுவான். குறுக்கே நிற்கமாட்டேன் என்றுதானே ஆணை, சொல்லமாட்டேன் என்று இல்லையே. அந்த ஒரு வசனத்தை அவள் வாய்க்குள் பாடமாக்கி வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் சிமியோன் கஞ்சி குடித்துவிட்டு முற்றத்தில் உலாத்தினான். முகத்தில் களை வந்திருந்தது. "நல்ல இரத்தம்போலை. ஆற்றை?" என்று கேட்டான்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மை அவனைக் கொஞ்சம் இளக்கும் என்று அவள் நம்பினாள். இவ்வளவு காலம் அவனோடு வாழ்ந்தும் அப்படி நம்பினாள், பாவி.

"ஏரம்பண்ணைதான் தந்தவர். நீங்கள் தாடையை உடைச்ச ஏரம்பண்ணை. அந்த மனுசன் இல்லாட்டி..."

வசனம் முடியவில்லை. "மரமேறியின்ரை இரத்தத்தையோடி எனக்குள்ளை ஏத்தினாய்?" முஷ்டி அவள் வாயில் விழுந்தது. உதடு பிளந்தது. விழுந்தவளை வயிற்றில் உதைத்தான். "அவனே என்னை நொதிக்க வைச்சவன், அவன்ரை இரத்தத்தையே வாங்கி... என்னத்தைக் காட்டியடி வாங்கினாய் அவனிட்டை?" மறுபடியும் உதைத்தான். பழைய பலம் அப்படியே இருந்தது. அவள் வாசல் வாசலாகக் கெஞ்சி, சுவரில் மோதப்பட்டு, வாங்கிக்கொண்டு வந்த பலம். மண்ணில் கன்னத்தை வைத்தபடி அவள் அதைத்தான் நினைத்தாள்.

தெருவில் சைக்கிள் மணி கேட்டது. தலைக்கட்டோடு ஏரம்பு இறங்கினான். பின்னால் தவறணை ஆட்கள் சிலர். கரையிலிருந்தும் சனம் வந்து மதிலோரம் நின்றது.

மரியநாயகி எழும்பினாள். சேலையைத் தட்டிவிட்டுப் படலைக்கு நடந்தாள். ஏரம்பு அவள் உதட்டிலிருந்து இரத்தம் வடிவதைப் பார்த்தான்.

"நிக்கிறானோ?" என்று கட்டுக்குள்ளால் கேட்டான்.

பின்னால் முற்றத்தில் சிமியோன் காலை அகட்டி நின்று, "வாடா மரமேறி, வாடா" என்று கத்திக்கொண்டிருந்தான்.

பாடமாக்கி வைத்த வசனம் அவள் நாக்கு வரைக்கும் வந்தது. வாயில் நிறைந்திருந்த இரத்தத்தோடு அதையும் சேர்த்து விழுங்கினாள்.

"ஓம் அண்ணை, எழும்பி நிக்கிறார். வாங்கோ" என்று படலையை அகலத் திறந்துவிட்டாள்.